கையெழுத்துக்குக் கீழே நிற்கும் உயிர்கள்

மௌலிவாக்கத்தில் 61 பேர் மாண்டு ஆண்டுகள் பல உருண்டுவிட்டன. தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரங்களிலும் அடுக்குமாடிகள் எழுந்தவண்ணம் இருக்கின்றன. ஒரு பொறியாளர் யாருக்குக் கடமைப்பட்டவர்? அந்தக் கடமையைச் செய்யும்போது அவரைக் காப்பவர் யார்?

2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயிலிருந்த 11 மாடிக் குடியிருப்பு ஒன்று, நிலநடுக்கமோ சூறாவளியோ வெடிவிபத்தோ ஏதுமின்றி, தன் பாரத்தைத் தானே சுமக்கமாட்டாமல் தரையோடு தரையாகச் சரிந்தது. ‘டிரஸ்ட் ஹைட்ஸ்’ என்று பெயரிடப்பட்டிருந்த அந்தத் திட்டத்தில் வீடு வாங்கப் பணம் கட்டியிருந்தவர்கள் அன்று அங்கே இல்லை; ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, அந்த வாரத்துக் கூலியை எதிர்நோக்கியிருந்த தொழிலாளர்கள்தாம் இருந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்புப் படையினரும் பல நாட்கள் இரவு பகலாக இடிபாடுகளை அகற்றியதில் 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர்; 61 பேர் பிணமாக எடுக்கப்பட்டனர்.

விழுந்ததற்குக் காரணம் மின்னல் தாக்கியதாக இருக்கலாம் என்று கட்டியவர்கள் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. ஆயினும் அதே மழையில், அதே இடியின் கீழ், சுற்றிலுமிருந்த மற்றக் கட்டடங்கள் யாவும் நின்றுகொண்டிருந்தன என்பது ஊரறிந்த பிரத்தியட்சம். நீதிபதி ஆர். ரகுபதி தலைமையில் அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2015-இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டபோது, குற்றம் வானத்தின் மேலன்று, வரைபடத்தின் மேலும் அதன்படி எழுந்த தூண்களின் மேலும்தான் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. கட்டமைப்பு வடிவமைப்பிலேயே குறை இருந்தது. மேலிருந்து இறங்கும் பாரத்தைத் தாங்கும் வலு தூண்களுக்கு இல்லை. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தையும் நம்புவதற்கில்லை என்று முடிவாகி, 2016-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தவர்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, வெடிமருந்து வைத்து அதைச் சில விநாடிகளில் தகர்த்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் சாமானிய மனிதனைத் திகைக்க வைப்பது ஒன்று உண்டு. அந்தக் கட்டடம் திருட்டுத்தனமாக எழுந்ததன்று. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்ட அனுமதி பெற்று, அரசாங்கத்தின் கண்ணெதிரே எழுந்தது. ஆனால் அனுமதி வழங்கும் அலுவலகம் பார்ப்பது வேறு: சாலையின் அகலம் எவ்வளவு, நான்கு பக்கமும் விட வேண்டிய இடம் விடப்பட்டிருக்கிறதா, மனையின் பரப்புக்கு எத்தனை சதுர அடி கட்டலாம், வண்டி நிறுத்த இடம் போதுமா என்பன போன்ற விஷயங்களே அங்கே பரிசீலிக்கப்படும். தூண் தாங்குமா, அடித்தளம் அமிழுமா என்ற கேள்விகளுக்கு விடை, கட்டுபவரும் அவர் அமர்த்திய கட்டமைப்புப் பொறியாளரும் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியில் அடங்கிவிடுகிறது. ஆக, இத்தனை அலுவலகங்களையும் முத்திரைகளையும் கடந்து சென்றால், ஆயிரம் பேர் குடியிருக்கப் போகும் ஒரு கட்டடத்தின் பத்திரம் கடைசியில் ஒரு மனிதரின் கையெழுத்தில் வந்து நிற்கிறது. அந்தக் கையெழுத்தின் தர்மம் என்ன என்பதே நாம் இங்கே ஆராய வேண்டியது.

கூலி கொடுப்பவரும் கீழே நிற்பவரும்

பொறியாளருக்கு ஊதியம் கொடுப்பவர் ஒருவர். அவர் கட்டியதன் கீழே வாழ்பவர் வேறொருவர். அதைக் கட்டும்போது சாரத்தில் நிற்பவர் மூன்றாமவர். இந்த மூவரின் நலமும் ஒன்றாகவே இருக்கும் வரையில் தர்மசங்கடம் எதுவும் எழுவதில்லை. கம்பியின் எடையைக் குறைத்தால் இத்தனை லட்சம் மிச்சம் என்று முதல் மனிதர் கணக்குப் போடத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான், பொறியாளர் தாம் யாருடைய ஆள் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவராகிறார்.

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை காண, உலகத்துப் பொறியாளர்களுக்கே நெடுங்காலம் பிடித்தது. 1912-இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகம் வகுத்த நெறிமுறையில், தம்மை அமர்த்தியவரின் நலனைக் காப்பதே பொறியாளரின் முதற்கடமை என்றுதான் கூறப்பட்டிருந்தது. 1947-இல் வகுக்கப்பட்ட பொது நெறிமுறையில், மக்களின் பாதுகாப்பும் பொறியாளரின் பொறுப்பு என்ற எண்ணம் நுழைந்தது. 1974-இல்தான் மக்களின் பாதுகாப்பும் ஆரோக்கியமும் நலனும் மற்றெல்லாவற்றுக்கும் மேலானவை என்று ஐயந்திரிபற எழுதப்பட்டது. இன்று உலகின் பெரும்பாலான பொறியாளர் சங்கங்களின் நெறிமுறைகளில் முதல் வாசகம் அதுவே. முதலாளியை விட மக்கள் மேல் என்ற ஒரு வரியை எழுத அறுபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கு முன்பும் இடையிலும் இடிந்து விழுந்தவை பல.

அவற்றில் தலையாயது கனடாவில் கியூபெக் நகருக்கருகே செயின்ட் லாரன்ஸ் நதியின் குறுக்கே எழுந்துகொண்டிருந்த இரும்புப் பாலம். அதன் நடுக்கண் 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டப்பட்ட பிறகும், பாலத்தின் சொந்த எடையை மறுபடி கணக்கிடாமல் பழைய கணக்கையே வைத்துக்கொண்டு வேலை நடந்தது. ஆலோசகப் பொறியாளராக இருந்த தியோடர் கூப்பர் பெரும் புகழ் படைத்தவர். ஆனால் முதுமையாலும் உடல்நலக் குறைவாலும் நியூயார்க்கிலிருந்தபடியே பாலத்தை மேற்பார்த்து வந்தார். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அடிப்பகுதியின் இரும்புச் சட்டங்கள் நாளுக்கு நாள் வளைவதைக் கண்டு கலவரமடைந்த தளப் பொறியாளர் நார்மன் மெக்லூர், நேரிலேயே சொல்வதற்காக நியூயார்க்குக்குப் பயணமானார். பாலத்தின் மேல் இனிமேல் பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். ஆனால் அந்தத் தந்தி சென்றது பென்சில்வேனியாவிலிருந்த இரும்புக் கம்பெனிக்கு. வேலை நடந்த இடத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேருமுன், ஆகஸ்டு 29-ஆம் தேதி மாலை, பாலம் நதியில் விழுந்தது. மாண்டவர்கள் 75 பேர். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயரத்தில் இரும்பு வேலை செய்வதில் பேர்பெற்ற மோஹாக் பழங்குடியினர். மௌலிவாக்கத்தைப் போலவே அங்கும் உயிரைக் கொடுத்தவர்கள் வரைபடத்தை ஒருபோதும் பார்த்திராதவர்களே. 1925 முதல் கனடா நாட்டுப் பொறியாளர்கள் பட்டம் பெறும் காலத்தில் ஒரு பிரமாணம் எடுத்துக்கொண்டு, எழுதும் கையின் சுண்டுவிரலில் மோதிரம் ஒன்றை அணிந்துகொள்கிறார்கள். கையெழுத்திடும்போதெல்லாம் அது காகிதத்தில் உரச வேண்டும் என்பதே அந்த வழக்கத்தின் நோக்கம்.

மண்ணைக் கேளாமல் கட்டலாமா?

தென்சென்னைப் புறநகரங்களின் நிலம் பொறியாளரின் சிரத்தையைச் சோதிப்பதற்கென்றே அமைந்தது போன்றது. பல்லாவரத்திலிருந்து தாம்பரம், வண்டலூர் வரை நீளும் குன்றுகள் பூமியிலேயே மிகப் பழமையான, மிக உறுதியான பாறை வகைகளில் ஒன்றாலானவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு இங்கிருந்து கொண்டுபோன கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார், அவர் பெயராலேயே அதற்கு ‘சார்னோகைட்’ என்று 1893-இல் பெயரிட்டார். பல்லாவரத்துப் பாறை உலகத்து நிலவியல் நூல்களில் ஏறியது அவ்வாறுதான். அதே பாறையிலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே போனால், மேடவாக்கத்தைக் கடந்தவுடன், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் இளகிய களிமண் தொடங்கிவிடுகிறது. பெரும்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் கடைக்கால் தோண்டுபவர்கள் தண்ணீரோடு போராட வேண்டியிருக்கிறது. ஒரே தெருவில் ஒரு மனையில் கடினப் பாறையும், அடுத்த மனையில் தூர்ந்துபோன பழைய குட்டையின் வண்டலும் இருப்பது இங்கே அபூர்வமன்று.

ஆகவே மண் பரிசோதனை என்பது கோப்பில் சேர்க்கும் சம்பிரதாயக் காகிதமாக இருக்கவே கூடாது. அந்தப் பரிசோதனையை ஒரு முறை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் விளங்கும். மூன்று கால் நாட்டிய கம்பத்தில் கப்பி மாட்டி, தரையில் துளையிட்டு, துளையின் அடியில் ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன் தலையில் விடுகிறார்கள். முதல் 15 சென்டிமீட்டர் இறங்குவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் பிறகு 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டியிருந்தது என்பதை எண்ணி எழுதுகிறார்கள். நல்ல மண்ணில் சம்மட்டி முப்பது, நாற்பது தரம் விழ வேண்டும். சேற்றுக் களியில் இரண்டு மூன்று அடியிலேயே குழாய் அமிழ்ந்துவிடும். அந்த எண்ணைக் கொண்டுதான் அடித்தளத்தின் அகலமும் ஆழமும், பைல் இறக்க வேண்டுமா வேண்டாமா என்பதும் தீர்மானிக்கப்படுகின்றன. அந்த எண்ணை எழுதுபவர் மரத்தடியில் உட்கார்ந்து ஊகமாக எழுதினாலும், பக்கத்து மனைக்குச் செய்த அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தாலும், அதற்கு மேல் செய்யப்படும் கணிதம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பயனில்லை. பொறியியல் தர்மத்தின் முதல் பாடம் இதுவே: தாம் காணாத ஒன்றைக் கண்டதாக எழுதக் கூடாது.

பூகம்பத்துக்கும் இது பொருந்தும். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி குஜராத்தில் கட்ச் பகுதியில் நிலம் நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆமதாபாத்தில்கூட, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்துவதற்காகத் திறந்துவிட்டுத் தூண்களின் மேல் எழுப்பிய அடுக்குமாடிகள் பல, அந்தத் தூண்கள் முறிந்து உட்கார்ந்துவிட்டன. மறு ஆண்டு திருத்தப்பட்ட இந்தியத் தர நியமம், சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. இன்று சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் தெருவுக்குத் தெரு காண்பது அதே அமைப்பு: கீழே கார்கள், மேலே நான்கு மாடி வீடுகள். இவை யாவும் அபாயகரமானவை என்று சொல்வது அபாண்டம். நியமப்படி தூண்களை வலுப்படுத்திக் கட்டினால் அவை நன்றாகவே நிற்கும். ஆனால் வலுப்படுத்தப்பட்டனவா என்பது பூச்சு வேலையும் வண்ணமும் முடிந்த பிறகு குடியிருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. தெரிந்தவர் பொறியாளர் ஒருவரே.

தளம் போடும் நாள்

புறநகர்த் தெருவொன்றில் தளம் போடும் நாளில், ரெடிமிக்ஸ் லாரி ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் அகப்பட்டுத் தாமதமாக வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் ஏறிவிட்டது, கலவை இறுகத் தொடங்கிவிட்டது. “சார், பம்புல ஏற மாட்டேங்குது. கொஞ்சம் தண்ணி விட்டுக்கட்டுமா?” என்று கேட்கிறார் மேஸ்திரி. கல்லூரியை விட்டு வெளிவந்து ஓராண்டுகூட ஆகாத தளப் பொறியாளர், “வேண்டாண்ணே, பிளான்ட்டுக்குப் போன் பண்றேன். அவங்க மருந்து கலந்து சரிபண்ணட்டும், இல்லேன்னா லாரியத் திருப்பி அனுப்பிடலாம்” என்கிறார். சிறிது நேரத்தில் முதலாளியின் குரல் போனில் வருகிறது: “தம்பி, ஒரு லாரி என்ன விலைன்னு தெரியுமா? இத்தனை வருஷமா எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. நீங்க ஊத்தச் சொல்லுங்க.”

தொழில் நெறிமுறை பற்றிய பெரிய நூல்கள் யாவும் பேசுவது இந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றித்தான். சிமெண்டு இறுகுவதற்கு வேண்டியதற்கு மேல் சேர்த்த தண்ணீர் பிற்பாடு ஆவியாகிப் போகும்போது, கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. அவற்றால் வலு குறைகிறது, காற்றும் ஈரமும் புகுந்து கம்பி துருப்பிடிக்கிறது. அன்று மாலை தளத்தைப் பார்த்தால் வழவழவென்று அழகாக இருக்கும். அதன் பலன் பத்தாண்டுகளுக்குப் பிறகு, வேறொருவர் தலையில் விழும்.

கான்கிரீட்டின் வலுவைச் சோதிப்பதற்கு நியமம் வகுத்திருக்கும் வழி எளிதானது. ஊற்றும் கலவையிலிருந்தே 15 சென்டிமீட்டர் கனச்சதுர அச்சுகளில் எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, 28-ஆம் நாள் அழுத்திப் பார்க்க வேண்டும். எம்-25 ரகமென்றால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 25 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். ஆனால் சிமெண்டு அதிகம் போட்டுத் தனியே கலந்த கலவையில் இந்தக் ‘கியூப்’களைச் செய்து சோதனைச் சாலைக்கு அனுப்பும் வழக்கம், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறியாததன்று. கியூப் தேறிவிடும், தூண் தேறியதா என்பது தூணுக்கே வெளிச்சம். அவ்வாறே, 4.5 மீட்டருக்கு மேல் விரியும் தளத்தின் அடியிலிருக்கும் முட்டுகளை 14 நாள் வரையிலும், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்தின் முட்டுகளை 21 நாள் வரையிலும் எடுக்கலாகாது என்று ஐ.எஸ். 456 என்ற நியமம் கூறுகிறது. சென்ட்ரிங் பலகைக்கு அன்றாடம் வாடகை ஏறுகிறது என்பதற்காக அந்த நாட்களைச் சுருக்குபவர், நியமத்தை எழுதிய குழுவினரை ஏமாற்றவில்லை. அந்தத் தளத்தின் கீழே மறுநாள் காலையில் செங்கல் சுமக்கப் போகும் சித்தாளை ஏமாற்றுகிறார்.

தளப் பொறியாளர் செய்யக் கூடியவை சிலவே. ஆனால் அவை சக்தி வாய்ந்தவை. வேண்டாம் என்று சொன்னதைத் தளப் பதிவேட்டில் தேதியும் நேரமும் இட்டு எழுதி வைக்கலாம். கட்டமைப்புப் பொறியாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். கம்பி கட்டியதைத் தாம் சரிபார்த்துக் கையெழுத்திடாமல் கான்கிரீட் ஊற்றலாகாது என்ற நிபந்தனையை முதல் நாளே முதலாளியிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வாய்மொழியாகச் சொன்ன எச்சரிக்கை காற்றோடு போகும். எழுதிய எச்சரிக்கையைப் புறக்கணிக்க முதலாளியும் அஞ்சுவார்.

பொறுப்பேற்கும் துணிவு

தவறே செய்யாத பொறியாளர் உலகில் இல்லை. தவறு தெரிந்த பிறகு என்ன செய்கிறார் என்பதில்தான் அவருடைய குணம் புலப்படுகிறது. நியூயார்க்கில் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தின் கட்டமைப்பை வகுத்த வில்லியம் லெமெசூரியர், அது திறக்கப்பட்ட பிறகு, 1978-இல், மாணவர் ஒருவர் எழுப்பிய கேள்வியின் விளைவாகத் தம் கணக்கை மறுபடி பார்த்தார். மூலைவாட்டில் வீசும் பலத்த காற்றில், பற்றவைப்பதற்குப் பதிலாக போல்ட்டு போட்டு இணைத்திருந்த இடங்கள் முறியலாம் என்று கண்டார். மௌனமாக இருந்திருந்தால் யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். தம் பெயரும் பொருளும் அழியக்கூடும் என்று தெரிந்தே, உரிமையாளரிடம் தாமாகச் சென்று சொன்னார். இரவு நேரங்களில் அந்த இணைப்புகள் யாவும் பற்றவைத்துப் பலப்படுத்தப்பட்டன. ஆயினும் சுற்றுவட்டாரத்து மக்களுக்கு இதைச் சொல்லாமல் 1995 வரை மறைத்தது சரியா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது, நடக்க வேண்டியதே. தம் நஷ்டத்தைப் பாராமல் உண்மையைச் சொன்னதைப் போற்றலாம்; அபாயத்தில் இருப்பவர்களிடம் அபாயத்தை மறைத்ததைப் போற்ற முடியாது.

இதற்கு நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவரான அப்துல் கலாம் தலைமையேற்ற எஸ்.எல்.வி.-3 ஏவுகலம், 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி கடலில் விழுந்தது. கணினி எச்சரித்தும், நிபுணர்கள் அபாயமில்லை என்று சொன்னதை நம்பி ஏவ முடிவு செய்தவர் தாமே என்பதைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அன்று பத்திரிகையாளர்கள் முன் தோல்விக்குப் பொறுப்பேற்றவர், விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18-இல் வெற்றி கிட்டியபோது, செய்தியாளர்களிடம் பேசும் கௌரவத்தைக் கலாமுக்கு விட்டுக்கொடுத்தார். தலைவர் பழியைத் தாங்குவார் என்ற நம்பிக்கை இருக்கும் ஸ்தாபனத்தில்தான் இளைய பொறியாளர் உண்மையைச் சொல்லத் துணிவார்.

தண்ணீரின் கணக்கு

ஒரு கட்டடம் நிற்பதோடு பொறியாளரின் கடமை முடிவதில்லை. அது எங்கே நிற்கிறது என்பதும் அவருடைய பொறுப்பில் சேர்ந்ததே. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்றின் போக்கில் இருந்த முடிச்சூரும் வரதராஜபுரமும் தீவுகளாயின; முதல் மாடி வரை வெள்ளம் ஏறிய வீடுகளிலிருந்து ஜனங்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். அந்த வீடுகளில் பலவற்றின் சுவரில் ஒரு கீறலும் விழவில்லை. கட்டுமானம் குற்றமற்றது, கட்டிய இடம்தான் குற்றம். ஏரியின் கலங்கலுக்குக் கீழே, உபரிநீர் ஓடும் தாழ்ந்த நிலத்தில் மனை பிரிக்க வரைபடம் தயாரித்தவரும் ஒரு நில அளவையாளரோ பொறியாளரோதான். அந்த வரைபடத்தில் கால்வாயை ஒரு மெல்லிய கோடாகச் சுருக்கியவருக்கு, அந்தக் கோட்டில் எத்தனை தண்ணீர் ஓடும் என்பது தெரியாமலிருந்திருக்க முடியாது.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர்கள். தாம்பரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்திலிருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊரின் ஏரியைப் பராமரிக்கும் ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர்கள் மறுபடி அப்பதவிக்கு வரலாகாது. அவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. ஊர்ப் பொதுவின் தண்ணீருக்குப் பொறுப்பேற்றவர் கணக்குக் காட்டியே தீர வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்த நாடு இது.

சட்டம் எங்கே?

இந்தியாவில் வழக்கறிஞர்களுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவர்களுக்குச் சட்டமும் ஆணையமும் இருக்கின்றன. நெறி தவறிய வழக்கறிஞரின் பெயரை வழக்கறிஞர் மன்றம் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். ஆனால் பொறியாளர்கள் யாவரையும் பதிவு செய்து, தவறினால் அவர்களைத் தொழிலிலிருந்து விலக்கும் அதிகாரம் படைத்த தேசியச் சட்டம் ஒன்று இன்று வரை இல்லை. பல்லாவரத்துப் பாறைக்குப் பெயரிட்ட அதே ஹாலந்து தலைமை வகித்த இந்தியத் தொழில் ஆணையத்தின் பரிந்துரையில் பிறந்த இந்தியப் பொறியாளர் நிறுவனம், 1920-இல் நம் சென்னையிலேயே பதிவு செய்யப்பட்டது. அதற்கென நெறிமுறையும் உண்டு. ஆனால் ஒரு சங்கம் தன் உறுப்பினரை விலக்கலாமே தவிர, அவர் தொழில் செய்வதைத் தடுக்க அதற்குச் சக்தியில்லை.

மௌலிவாக்கத்துக்குப் பிறகு முன்னேற்றமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால், விற்றவரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர் ஆகியோர் தனித்தனியே பதிவு செய்துகொண்டு பொறுப்பேற்க வேண்டும் என்று வகுத்தன. இவை நல்ல விதிகள். ஆயினும் கட்டணம் வாங்கிக்கொண்டு மனையைப் பார்க்காமலே கையெழுத்திடுபவர்கள் இருக்கும் வரையில், விதிகள் காகிதத்தில் சரியாகவும் களத்தில் வெறுமையாகவும் இருக்கும்.

கையெழுத்திட மறுப்பவரைக் காப்பதும் சட்டத்தின் கடமையாகும். பீகாரில் தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தம் பெயரை இரகசியமாக வைக்கும்படி வேண்டிக்கொண்ட இளம் பொறியாளர் சத்யேந்திர துபேயின் கடிதம், அவர் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர்களே கொன்றார்கள் என்று விசாரணை முடிவுக்கு வந்தது. எவ்வாறாயினும், பெயரை மறைக்கக் கேட்ட ஒருவரின் பெயரை அரசாங்கத்தால் காக்க முடியவில்லை என்ற உண்மை நிலைத்துவிட்டது. முறைகேட்டை வெளிப்படுத்துபவர்களைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் ஆண்டுக்கணக்காகக் கிடக்கிறது. தனியார் கட்டுமானத் தளத்தில் ‘மாட்டேன்’ என்று சொன்னதற்காக வேலையிழக்கும் இளைஞருக்கு அந்த அளவு ஆதரவுகூட இல்லை. மனச்சாட்சியோடு இரு என்று உபதேசிக்கும் சமூகம், மனச்சாட்சிக்கு விலையாக ஒரு மாதச் சம்பளத்தையும் கேட்பது அதர்மம்.

ஆகையால் வேண்டுவன மூன்று. பொறியாளர்களைப் பதிவு செய்யவும் தண்டிக்கவும் அதிகாரமுள்ள தேசியச் சட்டம் ஒன்று. பாதுகாப்பைக் காரணம் காட்டி எழுத்து மூலம் மறுத்த பொறியாளரை வேலைநீக்கம் செய்யலாகாது என்ற காப்பு. கட்டுபவரிடம் ஊதியம் பெறாத, வேறொரு பொறியாளர் கட்டமைப்புக் கணக்கைச் சரிபார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்ற கண்டிப்பு.

அவை வரும் வரையில் வீடு வாங்கும் வாசகர்கள் செய்யக் கூடியதும் உண்டு. சமையலறை மேடைக் கல்லின் நிறத்தையும் லிஃப்டின் கம்பெனியையும் விசாரிக்கும் அதே சிரத்தையோடு, கட்டமைப்புப் பொறியாளரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். மண் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். கியூப் சோதனை முடிவுகளையும் நிறைவுச் சான்றிதழையும் கேளுங்கள். தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால், விற்பவர்கள் நல்ல பொறியாளரைத் தேடத் தொடங்குவார்கள். நல்ல பொறியாளரின் ‘முடியாது’ என்ற சொல்லுக்கு அப்போது சந்தையிலேயே மதிப்பு வரும்.

இந்தப் புறநகரங்களின் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஊதியம் கொடுப்பவருக்கு விசுவாசமாக இருங்கள். அவருக்கு நீங்கள் செய்யக் கூடிய மிகப் பெரிய சேவை, அவர் கட்டியது விழாமலிருக்கச் செய்வதே. நேரில் பாராத மனைக்கும், சோதியாத மண்ணுக்கும், சரிபாராத கம்பிக்கும், எவர் சொன்னாலும், எத்தனை கொடுத்தாலும், கையெழுத்திடாதீர்கள்.